பல்கலைக்கழகத்துக்குத் தலைவர் தேடித் தரும் வேலை: புதிதாக வருபவர்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றிலிருந்த ஒரு டீனைத் தொலைபேசியில் அழைத்தேன். நாங்கள் ஒரு சிறிய கல்லூரிக்குத் தலைவர் தேடிக்கொண்டிருந்தோம். அவர் எடுத்த எடுப்பிலேயே, “நான் எங்கும் போவதாக இல்லை, இங்கே நன்றாக இருக்கிறேன்” என்றார். வேறு யாராவது பொருத்தமானவர்கள் தெரியுமா என்று கேட்டேன். இரண்டு பெயர்கள் சொன்னார். பேச்சு வளர்ந்து 40 நிமிடம் ஆனது. வைக்கப் போகும் நேரத்தில், “அந்தக் கல்லூரி புது விடுதி கட்டியதே, அதற்கு வாங்கிய கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி?” என்று கேட்டார்.

எங்கும் போகாத மனிதருக்கு இன்னொரு கல்லூரியின் கடன் கணக்கு எதற்கு? என் குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதியிருந்த ‘விருப்பமில்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘மூன்று வாரம் கழித்து மறுபடியும்’ என்று எழுதினேன்.

என்ன வேலை செய்கிறாய் என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் இந்தப் பேச்சைத்தான் சொல்லத் தோன்றும். விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கிறவர்களை வரிசைப்படுத்தித் தர யாரும் எங்களுக்குப் பணம் தருவதில்லை. விண்ணப்பிக்க நினைக்காதவர்களிடம் போய்ப் பேசுவதற்குத்தான் தருகிறார்கள்.

முதலில், இது எந்த வகை வேலை?

நம் ஊரில் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சி என்றால், நூறு பயோடேட்டாவை அனுப்பி, ஒருவர் சேர்ந்தால் கமிஷன் வாங்குகிற அலுவலகம்தான் நினைவுக்கு வரும். இது வேறு. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர் விலகினால், அடுத்தவரை நியமிக்கும் அதிகாரம் அதன் ஆட்சிக்குழுவிடம் இருக்கிறது. அந்தக் குழு ஒரு தேடல் குழுவை அமைக்கும். தேடல் குழு ஒரு தேடல் நிறுவனத்தை அமர்த்திக்கொள்ளும். ஆள் அமைந்தாலும் அமையாவிட்டாலும் கட்டணம் தவணை தவணையாக வரும். பதவிக்கு வருபவரின் முதலாண்டு ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது தொழிலின் பழைய கணக்கு. கல்வித் துறையில் முன்கூட்டியே பேசி முடித்த ஒரே தொகையாக வாங்குவதும் வழக்கம். நியமிக்கப்பட்டவர் ஓராண்டுக்குள் போய்விட்டால் மறு தேடலைக் கட்டணமின்றிச் செய்து தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கும் நிறுவனங்களும் பல.

விட்கீஃபர் என்ற தேடல் நிறுவனம் 1969இல் மருத்துவமனைகளுக்கு நிர்வாகி தேடித் தரத் தொடங்கி, பிறகு பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. ஐசக்சன் மில்லர் 1982இல் பாஸ்டனில் பிறந்தது. அகாடெமிக் சர்ச், ஏஜிபி சர்ச், ஸ்டோர்பெக் ஆகியவை உயர்கல்வியையே முதன்மையாகக் கொண்டவை. கார்ன் ஃபெரி, ஸ்பென்சர் ஸ்டூவர்ட், ரஸ்ஸல் ரெய்னால்ட்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களில் கல்விக்கென்று தனிப் பிரிவு உண்டு. பிரிட்டனில் பெரெட் லேவர் என்ற பெயரை அடிக்கடி கேட்பீர்கள்.

வேலை வற்றுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் பட்டம் வழங்கும் நிறுவனங்கள் ஏறத்தாழ 4,000. அமெரிக்கக் கல்விக் கவுன்சில் எடுக்கும் கணக்கெடுப்பின்படி, பதவியில் இருக்கும் தலைவர்களின் சராசரிப் பணிக்காலம் 2006இல் 8.5 ஆண்டுகள். 2016இல் அது 6.5 ஆகி, 2022இல் 5.9க்கு வந்துவிட்டது. நாற்காலிகள் வேகமாகக் காலியாகின்றன. டீன், புரோவோஸ்ட் (தலைவருக்கு அடுத்த நிலையில் கல்விப் பணிகளைப் பார்ப்பவர்), நன்கொடைத் துறைத் துணைத்தலைவர் தேடல்கள் இந்தக் கணக்கில் சேராதவை. உண்மையில் நிறுவனங்களின் அன்றாடச் சோறு அவற்றிலிருந்துதான் வருகிறது.

தமிழ்நாட்டுப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே துணைவேந்தர் தேடல் குழு சட்டப்படி அமைவது. 10 ஆண்டு பேராசிரியர் அனுபவம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் எல்லை கட்டியிருக்கின்றன. குழு தரும் பெயர்களிலிருந்து ஒருவரை நியமிப்பது யார், ஆளுநரா அரசா என்பது நீதிமன்றம் வரை போன சண்டை. அமெரிக்காவில் தலைவர் பதவிக்கு அப்படிப் பொதுவான தகுதி வரம்பே கிடையாது. முன்னாள் ஆளுநர், ராணுவ ஜெனரல், கம்பெனி அதிகாரி என்று யாரும் வரலாம். எங்கள் தலைவலியில் பாதி இதிலிருந்துதான் தொடங்குகிறது.

முதல் படி: ஒரு கல்லூரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் மனிதர்களைப் பற்றிப் படித்துக்கொண்டு வருகிறார்கள். நேர்காணல் உத்தி, ஆளுமைச் சோதனை, இன்னும் என்னென்னவோ. நான் கேட்பது வேறு: ஒரு கல்லூரியை உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?

ஒரு சிறிய தனியார்க் கல்லூரியைத் தேர்ந்துகொள்ளுங்கள். லாப நோக்கற்ற நிறுவனம் என்பதால் அது ஆண்டுதோறும் வருமானவரித் துறைக்குப் படிவம் 990 தாக்கல் செய்யும். அது பொது ஆவணம். புரோபப்ளிகா செய்தி நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஐந்து ஆண்டுப் படிவங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வரவு செலவில் துண்டு விழுவது எந்த ஆண்டிலிருந்து? தலைவருக்கு என்ன ஊதியம்? போன தலைவர் போகும்போது கையில் எவ்வளவு கொடுத்து அனுப்பினார்கள்? நிதி அதிகாரி நான்கு ஆண்டில் மூன்று முறை மாறியிருந்தால் அதுவே ஒரு கதை.

அடுத்து, மத்தியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் ஐபெட்ஸ் தளம். மாணவர் சேர்க்கை, இடைநிற்றல், கட்டணத்தில் எத்தனை விழுக்காட்டைக் கல்லூரியே தள்ளுபடி செய்கிறது, எல்லாம் அங்கே இருக்கும். அமெரிக்காவில் பிறப்புகள் 2007இல் உச்சம் தொட்டு அதன்பின் இறங்கின. அந்தக் குழந்தைகளுக்கு 18 வயது ஆனது 2025இல். இனி ஆண்டுக்கு ஆண்டு கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் குறைவார்கள். வடகிழக்கிலும் நடுமேற்கிலும் உள்ள சிறு கல்லூரிகளின் ஆட்சிக்குழுக்கள் தூக்கம் தொலைப்பது இதனால்தான். ‘தொலைநோக்குள்ள தலைவர் வேண்டும்’ என்று அவர்கள் சொன்னால், ‘மூடாமல் காப்பாற்றத் தெரிந்தவர் வேண்டும்’ என்று பல இடங்களில் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, மாணவர் பத்திரிகை. இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் மார்க் டெஸ்ஸியே-லவீன் 2023இல் பதவி விலகக் காரணமான ஆய்வுக் கட்டுரை விவகாரத்தைத் தொடர்ந்து எழுதி வெளிக்கொண்டுவந்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழ். எழுதியவர் முதலாண்டு மாணவர். ஒரு வளாகத்தில் யார் யாருடன் பேசுவதில்லை, எந்தத் துறையை மூடப் பார்த்து எந்தப் பேராசிரியர்கள் எதிர்த்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பழைய இதழ்களில் கிடக்கும். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற சொல்லை அதில் தேடிப் பாருங்கள்.

இவற்றை வைத்து இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்: இந்தக் கல்லூரியின் அடுத்த தலைவர் முதல் ஆண்டில் எதிர்கொள்ளப் போகும் மூன்று சிக்கல்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த இரண்டு பக்கம் எந்தச் சான்றிதழையும்விட அதிகம் பேசும்.

இரண்டாவது படி: யார் எதை ஆள்கிறார்கள்

ஆட்சிக்குழு நியமிக்கிறது. ஆனால் பேராசிரியர்களைக் கேட்காமல் நியமித்தால் வளாகம் கொதிக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் 1966இல் வெளியிட்ட நிர்வாக அறிக்கை, தலைவர் தேர்வில் ஆசிரியர்களுக்குப் பங்கு வேண்டும் என்கிறது. அது சட்டமன்று. ஆனால் பேராசிரியர்கள் அதைச் சட்டம்போல்தான் பேசுவார்கள், நீங்களும் அதை மதித்தே நடக்க வேண்டும்.

அயோவா பல்கலைக்கழகத்தில் 2015இல் நடந்ததைப் படித்துக்கொள்ளுங்கள். இறுதிச் சுற்றில் நான்கு பேர் வளாகத்துக்கு வந்தார்கள். மூவர் கல்வித் துறையினர். நான்காமவர் புரூஸ் ஹாரெல்ட், ஐபிஎம் நிறுவனத்தில் அதிகாரியாக இருந்தவர். பேராசிரியர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பில் அவருக்குத் தகுதி உண்டென்று சொன்னவர்கள் மிகச் சிலர். ஆட்சிமன்றம் அவரையே நியமித்தது. அடுத்த ஆண்டு பேராசிரியர்கள் சங்கம் இதற்காகவே அயோவாவை நிர்வாக நெறிகளை மீறிய நிறுவனங்களின் பட்டியலில் வைத்தது. ஹாரெல்ட் நல்ல தலைவரா இல்லையா என்பது வேறு விவாதம். தேடலை நடத்திய விதம் ஒரு மனிதரின் முதல் ஆண்டைத் தின்றுவிடும் என்பதைத்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது படி: எந்த வாசல் வழியாக நுழைவது

இதற்கென்று ஒரு பட்டப்படிப்பு இல்லை. என்னோடு வேலை செய்தவர்களில் மாணவர் சேர்க்கை அலுவலகத்திலிருந்து வந்தவர் ஒருவர், நூலகர் ஒருவர், வரலாற்றில் முனைவர் பட்டம் முடித்துவிட்டுப் பேராசிரியர் வேலை கிடைக்காமல் வந்தவர்கள் இரண்டு பேர், பத்திரிகையாளர் ஒருவர். நன்கொடை திரட்டும் அலுவலகத்தில் பணியாற்றியவர்கள் விரைவில் தேறுவார்கள். முன்பின் தெரியாதவரிடம் போன் போட்டுப் பேசும் கூச்சம் அவர்களுக்கு ஏற்கெனவே போயிருக்கும்.

கீழ்ப்படிகள் இரண்டு. ஒன்று ஒருங்கிணைப்பாளர்: கூட்டங்களுக்கு நாள் குறிப்பது, விண்ணப்பங்களை ஒழுங்குபடுத்துவது, பயண ஏற்பாடு. இன்னொன்று ஆய்வு உதவியாளர் அல்லது அசோசியேட்: பெயர்ப் பட்டியல் தயாரிப்பது, முதல் சுற்றுத் தொலைபேசிப் பேச்சு, குறிப்பெழுதுவது. முடிந்தால் இரண்டாவதில் நுழையுங்கள். முதலாவதில் நுழைந்தாலும் தவறில்லை, ஆனால் ஓராண்டுக்குள் எழுத்து வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாட்காட்டி நிரப்பியே ஐந்து ஆண்டைக் கழித்த திறமைசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். பங்குதாரர் நிலைக்குப் போக வேண்டுமானால் தேடல்களை நடத்தினால் போதாது, புதிய தேடல்களைக் கொண்டுவரவும் வேண்டும். அதற்கு எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும்.

இந்தியாவிலிருந்து நேரே இந்த வேலைக்கு வர முடியுமா என்று கேட்டு எனக்குக் கடிதங்கள் வருகின்றன. மிகவும் கடினம். உள்ளூர் வளாகங்களின் வாசனை தெரியாமல் முதல் போனிலேயே தடுமாறுவீர்கள். அமெரிக்காவுக்குப் படிக்க வந்து, வளாக அலுவலகம் ஒன்றில் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்து, வேலை உரிமையும் கையில் இருக்கிற நிலையில் முயல்வதே நடைமுறைக்கு ஒத்த வழி.

நான்காவது படி: ஒரு தேடலின் ஓராண்டு

தலைவர் பதவிகள் பெரும்பாலும் ஜூலை 1இல் தொடங்குகின்றன. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், முந்தைய கோடை முடிவிலேயே தேடல் தொடங்கியாக வேண்டும்.

முதல் ஆறு வாரம் கேட்பதுதான் வேலை. வளாகத்துக்குப் போய் பேராசிரியர்கள், மாணவர்கள், ஊழியர்கள், முன்னாள் மாணவர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து கேட்க வேண்டும். புதியவராக உங்கள் வேலை மூலையில் உட்கார்ந்து எழுதுவது. பேசியதை மட்டும் எழுதாதீர்கள். நிதி என்ற சொல் வந்ததும் யார் யார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு கல்லூரியில் ஊழியர் கூட்டத்தில் 20 நிமிடம் யாரும் வாயே திறக்கவில்லை. பிறகு சமையலறையில் வேலை செய்யும் ஒரு பெண்மணி, “வருகிறவர் சாப்பாட்டுக் கூடத்தில் வந்து சாப்பிடுவாரா?” என்று கேட்டார். அறை முழுதும் தலையாட்டியது. போன தலைவர் எட்டு ஆண்டில் ஒருமுறைகூட அங்கே சாப்பிடவில்லையாம். அந்தக் கேள்வியைக் கடைசிச் சுற்றில் ஒவ்வொருவரிடமும் கேட்டோம்.

கேட்டதையெல்லாம் சுருக்கிப் பதவிக் குறிப்பு ஒன்றை எழுதுவீர்கள், 10 முதல் 15 பக்கம். இதில் பொய் மினுக்கு வேண்டாம். ‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்’ என்பது நம் பக்கத்துச் சமாதானம். இங்கே பற்றாக்குறையை மறைத்து எழுதினால், வந்தவர் முதல் நிதிக்கூட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அதன்பிறகு எங்கள் நிறுவனத்தின் போனை எடுக்கவும் மாட்டார்.

குறிப்பு வெளியானதும் க்ரானிக்கிள் ஆஃப் ஹயர் எஜுகேஷன், இன்சைட் ஹயர் எட், ஹயர்எட்ஜாப்ஸ் ஆகியவற்றில் விளம்பரம் போகும். விளம்பரத்தைப் பார்த்து வருபவர்களில் சிலர் தேறுவார்கள். மீதி, போன்தான். ஒரு தலைவர் தேடலுக்கு 200, 300 பேரைத் தொடர்புகொள்வது இயல்பு. அவர்களில் பாதிப் பேரிடம் வேலை பற்றியல்லாமல், வேறு யாரைக் கேட்கலாம் என்றுதான் பேசுவோம்.

பிறகு 15 பேர் கொண்ட தேடல் குழு விண்ணப்பங்களைப் படிக்கும். எட்டுப் பத்துப் பேரை முதல் நேர்காணலுக்கு அழைக்கும். இதற்கு ‘விமான நிலைய நேர்காணல்’ என்று பெயர். வளாகத்தில் யார் கண்ணிலும் படாமல் இருக்க, விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் அறை எடுத்து நடத்துவார்கள். ஒருவர் வெளியேறும் கதவும் அடுத்தவர் நுழையும் கதவும் வேறு வேறாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது அசோசியேட்டின் பொறுப்பு. மின்தூக்கி வாசலில் இருவர் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டால், அவர்கள் பழைய சகாக்களாக இருக்க வாய்ப்பு அதிகம். இத்துறை அவ்வளவு சிறியது. இப்போது பாதிக்கு மேல் காணொலியில் நடக்கிறது. வசதிதான், ஆனால் காத்திருக்கும் அறையில் உதவியாளரிடம் ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கும் வாய்ப்புப் போய்விட்டது. எனக்கு அது பெரிய நஷ்டம்.

மூன்று நான்கு பேர் கடைசிச் சுற்றுக்கு வளாகம் வருவார்கள். பிறகு ஆட்சிக்குழுவின் வாக்கெடுப்பு, ஊதியப் பேச்சு, ஒப்பந்தம். துணைவருக்கு வேலை, பிள்ளைகளின் பள்ளி, தலைவர் மாளிகையில் ஒழுகும் கூரை ஆகியவையும் இந்தப் பேச்சில் வரும். தலைவர் பதவி போனபின் பேராசிரியராகத் திரும்பிப் போகும் உரிமை உண்டா என்பதற்குத்தான் வழக்கறிஞர்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

போன் பேசுவது எப்படி

இதை ஒரு படி என்று சொல்ல மாட்டேன். நுழைந்த நாள் முதல் கடைசி நாள் வரை செய்வது இதைத்தான்.

அழைப்பதற்கு முன் அவருடைய தன்விவரக் குறிப்பைப் படியுங்கள். பேராசிரியர்களின் குறிப்பு 40 பக்கம் இருக்கும், அதில் 35 பக்கம் வெளியீடுகள். அவற்றைத் தாண்டி, எத்தனை பேரை நிர்வகித்தார், எவ்வளவு பெரிய வரவுசெலவு, ஒரு பதவியில் எத்தனை ஆண்டு என்று தேடுங்கள். ‘இடைக்கால’ என்ற சொல் எந்தப் பதவிக்கு முன்னால் இருக்கிறது என்று பாருங்கள். இடைக்காலப் புரோவோஸ்டாக இருந்தவர் ஏன் நிரந்தரமாகவில்லை என்பது கேட்க வேண்டிய கேள்வி. காரணம் பெரும்பாலும் அவருக்கு இழுக்கில்லாததாகவே இருக்கும்.

அலுவலக மின்னஞ்சலுக்கு எழுதாதீர்கள். அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களின் மின்னஞ்சல் பல மாநிலங்களில் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் வருகிறது. பத்திரிகையாளர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். தனியார் என்றாலும் உதவியாளர் படிப்பார். என் முதல் ஆண்டில் நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு துணைப் புரோவோஸ்டின் பல்கலைக்கழக முகவரிக்குப் பதவிப் பெயரையே தலைப்பாக இட்டு எழுதிவிட்டேன். அவருடைய நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர் அதைப் படித்தார். மறுநாள் மதியத்துக்குள் அந்த மாடி முழுக்கச் செய்தி. அவர் அடுத்த வாரம் தேடலிலிருந்து விலகிக்கொண்டார். என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. அன்றிலிருந்து முதல் செய்தி எப்போதும் சொந்தக் கைப்பேசிக்கு, “ஒரு விஷயமாக உங்கள் யோசனை வேண்டும், வசதியான நேரம் சொல்லுங்கள்” என்ற இரண்டு வரி மட்டும்.

பேசும்போது சம்பளம் கேட்காதீர்கள். இப்போது என்ன வாங்குகிறீர்கள் என்று விண்ணப்பதாரரைக் கேட்பதைக் கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், நியூயார்க் உள்ளிட்ட பல மாநிலங்கள் தடை செய்துள்ளன. எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கலாம். வயது, மதம், குழந்தைகள் பற்றிய கேள்விகள் அறவே கூடாது. நம் ஊர்ப் பழக்கத்தில் அன்போடு “பிள்ளைகள் எத்தனை?” என்று வாயில் வந்துவிடும். அடக்கிக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) மாணவர் சேர்க்கை டீனாக இருந்த மரிலீ ஜோன்ஸ் 2007இல் பதவி விலகினார். அங்கே 28 ஆண்டுகள் வேலை பார்த்தவர், நாடறிந்தவர். அவர் சொல்லிக்கொண்ட பட்டங்கள் அவரிடம் இல்லை. சேர்ந்தபோது யாரும் கேட்கவில்லை, உயர்ந்தபோதும் கேட்கவில்லை. ஆகவே பட்டங்களைப் பதிவாளர் அலுவலகம் வழியாகவோ நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் வழியாகவோ ஒவ்வொன்றாக உறுதி செய்யுங்கள். நோபல் பரிசு பெற்றவராக இருந்தாலும் சரி.

ஸ்டான்ஃபோர்டு விவகாரமும், 2024 ஜனவரி 2இல் ஹார்வர்டின் தலைவர் கிளாடின் கே எழுத்துத் திருட்டுக் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே பதவி விலகியதும் இந்த வேலையின் சுமையைக் கூட்டிவிட்டன. இப்போது கடைசிச் சுற்றுக்கு வருபவர்களின் ஆய்வுக் கட்டுரைகளை எழுத்துத் திருட்டு மென்பொருளில் ஓட்டுமாறு ஆட்சிக்குழுக்கள் கேட்கின்றன. மென்பொருள் சிவப்பாகக் காட்டுவதெல்லாம் திருட்டாகிவிடாது. அதை ஒரு துறை அறிஞரிடம் காட்டாமல் குழுவிடம் கொண்டுபோகாதீர்கள். ஒரு மனிதரின் பெயர் அரை மணி நேரத்தில் போய்விடும்.

பட்டியலில் இல்லாதவர்களிடம் விசாரிப்பது இதைவிட நுட்பமானது. விண்ணப்பதாரர் கொடுத்த பெயர்கள் எல்லாம் புகழ்பாடும். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர், அவரோடு மோதியவர், அவர் விலகியபின் அந்த நாற்காலிக்கு வந்தவர் ஆகியோரிடம் பேச வேண்டும். ஆனால் அவர் சம்மதம் இல்லாமல், கடைசிச் சுற்றுக்கு முன்னால், ஒருவரிடமும் பேசக்கூடாது. “அவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வருவதற்கு முன் இருக்கும் இடைவெளியைத்தான் நான் முதலில் குறித்துக்கொள்வேன்.

எல்லாம் சரிபார்த்தும் சறுக்கும். தெற்குக் கரோலினா பல்கலைக்கழகம் 2019இல் இறுதிச் சுற்று நால்வரையும் வேண்டாமென்று சொல்லி, பிறகு அவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற ராணுவத் தளபதி ராபர்ட் காஸ்லனை 11க்கு 8 என்ற வாக்கில் நியமித்தது. 2021 மே மாதப் பட்டமளிப்பு விழாவில் அவர் பேசிய உரையில் ஒரு பகுதி வேறொருவருடையது. போதாக்குறைக்கு மாணவர்களைக் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பட்டதாரிகளே என்று வாழ்த்திவிட்டார். சில நாட்களில் விலகினார். இதை எந்தச் சரிபார்ப்பும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. ஆனால் 11க்கு 8 என்ற எண் ஏதோ சொல்லியிருந்தது.

ரகசியம் எவ்வளவு தூரம்

இறுதிச் சுற்றுப் பெயர்களை வெளியிட வேண்டும் என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். வெளியிட்டால் நல்லவர்கள் விலகிக்கொள்வார்கள் என்று ஆட்சிக்குழு சொல்லும். இரண்டிலும் உண்மை உண்டு. புளோரிடா 2022இல் சட்டம் போட்டு, இறுதிக்கட்டம் வரை பெயர்களை மறைக்க வழிசெய்தது. அதன்பின் புளோரிடா பல்கலைக்கழகம் ஒரே ஒரு இறுதிப் பெயராக செனட்டர் பென் சாஸை அறிவித்தது. அவர் 2023 பிப்ரவரியில் வந்தார், 2024 ஜூலையில் போனார். அடுத்த தேடலிலும் ஒரே பெயர், மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சாண்டா ஓனோ. அவர் மிச்சிகனை விட்டு வந்துவிட்ட நிலையில், 2025 ஜூன் 3இல் மாநிலப் பல்கலைக்கழகங்களை மேற்பார்க்கும் ஆளுநர்கள் வாரியம் 10க்கு 6 என்ற வாக்கில் அவரை நிராகரித்தது. அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

என் கருத்து: கடைசி மூவரின் பெயரைச் சொல்லிவிடுவதே நல்லது. என் சக ஊழியர்கள் பாதிப் பேர் இதை ஏற்க மாட்டார்கள். உங்கள் நிறுவனம் எந்தப் பக்கம் என்று சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு ஒன்று. சென்னை ஐஐடியில் 1977இல் படித்து முடித்த சுப்ரா சுரேஷ் 2013இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத் தலைவரானார், பிறகு சிங்கப்பூர் நன்யாங்கிற்குப் போனார். அப்படிப்பட்ட பெயர்கள் இருந்தும், குழுக் கூட்டத்தில் “நன்கொடையாளர்களோடு ஒட்டுவாரா?” என்ற கேள்வி சில பெயர்களுக்கு மட்டும் எழும். கேட்கிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அப்போது கோபப்படாமல், “எதை வைத்துக் கேட்கிறீர்கள்? குறிப்பில் எந்தப் பக்கம்?” என்று திருப்பிக் கேட்கப் பழகுங்கள். பல சமயம் பக்கம் எதுவும் இருக்காது. பதில் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போகாமல் கொஞ்சம் காத்திருங்கள்.

கடைசி அழைப்புகள்

தேறாதவர்களுக்குச் செய்தி சொல்வது அசோசியேட்டின் தலையில் விழும். முதல் சுற்றில் போனவர்களுக்குக் கடிதம் போதும். நேர்காணலுக்கு வந்தவர்களுக்குப் போன்தான், அதே வாரத்தில். இரண்டாம் இடத்தில் இருப்பவர் விஷயம்தான் கொடுமை. முதல் இடத்தில் இருப்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை அவரிடம் எதுவும் சொல்ல முடியாது. பேச்சு முறிந்தால் அவர்தான் வேண்டும். பத்து நாள் அவர் உங்கள் அழைப்புக்காகக் காத்திருப்பார், நீங்கள் பொய்யும் சொல்லக்கூடாது, உண்மையும் சொல்லக்கூடாது. “குழு இன்னும் முடிக்கவில்லை, வெள்ளிக்கிழமை நிலவரம் சொல்கிறேன்” என்று சொன்னால், புதுச் செய்தி இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை அழைத்துவிடுங்கள்.

விடுதிக் கடன் கேட்ட அந்த டீன் கடைசிவரை வந்து இரண்டாவதாக நின்றார். நான் செய்தி சொன்னபோது சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “வருகிறவருக்கு அந்தக் கடன் கணக்கைச் சொல்லிவிட்டீர்களா?” என்றார். சொல்லிவிட்டோம் என்றேன். “சரி, அடுத்த வாரம் அழையுங்கள், அந்த இரண்டு பெயர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்” என்றார்.